சோதனைப் பதிவு

கலைமதி இன்னும் எதையும் கேட்கவில்லை. அதற்குள் சாட்பாட் பதில் சொல்லியிருந்தது.

“காலி இல்லை. ஒருவர் தங்கியிருக்கிறார்.”

ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ஒன்றுக்காக அவள் ஜாங்கோ என்ற மென்பொருளில் எழுதிய பாட் அது. அறை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று மணிக்குள் சர்வரில் ஏற்றியாக வேண்டும். இப்போதைக்கு அவளுடைய லேப்டாப்பில் மட்டும்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து யாரும் அதனிடம் பேச முடியாது.

வெள்ளிக்கிழமை. பாலக்கரையில் அந்தச் சந்துக் கடைகள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்காகச் சாத்தியிருந்தன. அவள் உட்கார்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையின் ஆசாத் பாயும் வாரா வாரம் செய்வதுபோல அவளை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினார்.

“பூட்டிட்டுப் போறேம்மா. கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு ஓடிடாத.”

“பின்வாசலே இல்லாத கடையில எங்க பாய் ஓடுறது? வரும்போது பிரியாணி, முட்டையோட.”

அவர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. வெயிலில் சுட்ட ஷட்டர் தகரம் டொக்கு டொக்கென்று விரிகிற சத்தமும், மூடிய கடைக்குள் தேங்கிய பிளாஸ்டிக் வாடையும், மேசைக்கடியில் சுருண்டு கிடந்த வயர்களின் நிழலும் தவிர அங்கே தன்னோடு வேறெதுவும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

யார் கேட்டது என்று பாட்டின் லாக் ஃபைலில் பார்த்தாள். இதே லேப்டாப்பிலிருந்துதான் வந்திருந்தது.

“அறை ஒன்று காலியா?”

அறை ஒன்று, காலையில் அவள் சோதனைக்காகப் போட்ட பதிவு. யோசிக்கச் சோம்பல்பட்டுக் கடையின் முகவரியையே கொடுத்திருந்தாள். ஒரே கதவு. ஜன்னல் இல்லை. தங்குபவர்: கலைமதி. புரோகிராம் எழுதுகிற பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

திரையில் அடுத்த கேள்வி தானாக எழுந்தது.

“எப்போது காலியாகும்?”

“1.40.”

மணி 1.37.

பதிவை அழித்தாள். திரும்ப வந்தது. பாட் ஓடுவதையே நிறுத்தினாள். நின்றுபோன பாட், கேட்டவருக்குப் பதில் சொன்னது.

“உங்களுக்காகப் பதிவு செய்யப்பட்டது.”

ஆசாத் பாயின் போன் அணைந்திருந்தது. தொழுகை நேரம். ஷட்டரிடம் ஓடினாள். அடியில் விரல் விட்டுத் தூக்கினாள். அசையவில்லை.

“யாராவது இருக்கீங்களா?”

சந்தில் ஆளில்லை.

பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம். திரும்பவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பவில்லை.

1.40 தாண்டியதும் பூட்டு திறந்தது. ஷட்டர் ஏறியது. வெயில். ஆசாத் பாயின் கையைப் பிடித்தாள். அவள் பிடித்ததே தெரியாதவர்போல அவர் உள்ளே நடந்தார்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது பாய்.”

அவளுடைய குரல். நாற்காலியிலிருந்து.

அவளுடைய சுடிதார். அவளுடைய கண்ணாடி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தது.

“வெளிய போய் சாப்பிடலாம் பாய். உள்ள ஒரே புழுக்கம்.”

கலைமதி வாசலுக்குப் பாய்ந்தாள். படியைத் தாண்டிக் கால் போகவில்லை. அது அவளை உரசாமல் கடந்து வெளியே இறங்கியது. ஒரு முறை திரும்பி, அவள் நின்ற இடத்தையே நேராகப் பார்த்தது.

“ஃபேன் ஓடுது பாய்.”

அவர் ஃபேனையும் லைட்டையும் அணைத்தார். ஷட்டர் இறங்கியது.

இரண்டு கையாலும் அறைந்தாள். தகரம் சத்தமே போடவில்லை.