இரவல் பயம்

பகல் சாப்பாடு முடிந்ததும் நாச்சியார் கையைத் துடைத்துக்கொண்டு, "வேட்டைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கையில் வில் இல்லை, அம்பு இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. பொதிகைக் குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான் வேட்டைக்குப் போவார்கள், முடி வெட்டிக்கொள்ளப் போவது போல.

"இன்னைக்காவது விட்டுட்டு வா, ஏளா. கையில வச்சுக்கிட்டே நிக்காத," என்றான் அவள் கணவன் சுடலைமுத்து, தட்டுகளைக் கழுவியபடி. விட வேண்டியது அம்பை.

வியாழனின் நிலவு ஒன்றில், பனியைக் குடைந்து போட்ட சுரங்கங்களில் இருந்தது பொதிகை. தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த முதல் குடும்பங்கள் வைத்த பெயர். சுரங்கத்தில் வானம் கிடையாது. அடுத்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் கேட்கும். ஆரம்ப காலத்தில் ஒரு கரண்டிக்காக மண்டை உடைந்தது, பாட்டுச் சத்தத்துக்காக ஒருவன் கழுத்து நெரிபட்டது. மருத்துவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மனித உடம்பு வேட்டைக்கென்று வளர்ந்த உடம்பு. துரத்தவும் எய்யவும் அதற்கு ஏதாவது வேண்டும். இங்கே இறைச்சி தொட்டியில் காளான் போல வளர்கிறது. துரத்த ஒன்றுமில்லாததால் பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்துகிறது.

அப்படி வந்ததுதான் துயில்கூடம். நெற்றியில் ஒரு மெல்லிய தகட்டை ஒட்டிக்கொண்டு படுத்தால், கனவுநெய்வி என்ற இயந்திரம் காட்டை நெய்து கொடுக்கும். ஒரு மாதம் வேட்டைத்துயில், மறு மாதம் கனவில்லாத ஓய்வுத்துயில். விழித்து எழும்போது தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருக்கும். கைகலப்பு நின்றது.

நாச்சியாருக்கு மட்டும் கொஞ்ச காலமாக அந்த மூட்டை இறங்கவில்லை. மிளா என்ற பெரிய காட்டு மானைத் தேடிப் பிடிப்பாள், நாணை இழுப்பாள், அப்படியே நிற்பாள். அவளைப் போன்றவர்களை "அம்பு தங்கினவங்க" என்று ஊரில் சொல்வார்கள். அம்பு தங்கினவர்களோடு நெருக்கமான இடத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது விதி. நாச்சியாரோ பனிவெட்டும் வண்டி ஓட்டுகிறவள். நிலத்துக்கு மேலே போய், வியாழன் வானத்தில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற பாக்கியம் உள்ள சிலரில் ஒருத்தி. வண்டியில் அவளோடு ஒட்டி உட்கார்ந்திருப்பவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. இன்றும் அம்பு தங்கினால் அவளைக் கீழே காளான் அறைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு வியாழனும் இல்லை, வானமும் இல்லை.

துயில்கூடத்தின் மருத்துவர் பெனினாள் தகட்டை ஒட்டினாள். நாச்சியார் கண்ணை மூடினாள்.

காடு முதலில் வாசனையாகத்தான் வந்தது. ஈர மண், வேங்கைப்பூ, எங்கோ உடைந்த மூங்கிலின் பச்சை மணம். பிறகு வெளிச்சம், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல, இலைகளுக்கு நடுவே மெல்ல அசைந்து இறங்கியது. நடந்தால் காலடிச் சத்தம் சற்றுத் தாமதமாகக் கேட்டது. அவள் பூமியைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில், ஊருக்குத் திரும்பியவள் போல அவள் நின்று மூச்சை ஆழமாக இழுத்தாள்.

ஓடைக்கரையில் மிளா நின்றது. கொம்பின் மேல் மஞ்சள் வெயில். நாச்சியார் நாணை இழுத்தாள். காது வரை வந்தது. இன்று விட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மிளா தலை குனிந்து, தண்ணீரில் வாய் வைப்பதற்கு முன் அதை ஊதியது. உதட்டைக் குவித்து, நிதானமாக, இரண்டு தரம். ஓடையில் சிறு வட்டங்கள் விரிந்தன. அதற்குப் பிறகுதான் குடித்தது.

ஏனென்று தெரியாமல் அவள் கை தளர்ந்தது. அம்பு காலடியில் விழுந்தது. மிளா நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. காடு மங்கி, வெள்ளை அறை வந்தது.

"இன்னைக்கும் விடலையா?" என்றாள் பெனினாள்.

நாச்சியார் தலையசைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் விழித்திருக்கிறார். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை.

"என்ன அண்ணாச்சி, வேட்டையா?"

"இல்ல தாயி, எனக்கு இது ஓய்வு மாசம். ஒண்ணுமே தெரியாம தூங்கினேன். ஆனா பாரு, ஓய்வு மாசத்துல முழிச்சா மட்டும் இப்படித்தான் நெஞ்சு அடிச்சுக்கிடுது. வயசாயிட்டு."

கட்டிலருகே இருந்த குவளையை எடுத்தார். எப்போதோ வண்டியில் கொதிக்கிற தேநீரில் நாக்கைப் பொசுக்கிக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். எதைக் குடித்தாலும் ஊதிவிட்டுத்தான் குடிப்பார். குளிர்ந்த தண்ணீரை உதட்டைக் குவித்து நிதானமாக ஊதினார். இரண்டு தரம்.

நாச்சியார் அந்தக் குவிந்த உதட்டையே பார்த்தாள். பிறகு திரும்பிப் பெனினாளின் அறைக்கே போய்க் கதவைச் சாத்தினாள்.

"டாக்டரம்மா, அந்த மிளா யாரு?"

 பெனினாள் கையிலிருந்த தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மரத்தை இயந்திரம் நெய்யும். ஓடையை நெய்யும்," என்றாள் கடைசியில். "பயத்தை நெய்யத் தெரியலை. இயந்திரம் செஞ்ச மிளா பொம்மை மாதிரி ஓடும். அதைக் கொன்னவங்களுக்கு ஆறுதலே கிடைக்கலை, வெளிய வந்து மறுபடி அடிச்சுக்கிட்டாங்க. அதனால தூங்குறவங்களைக் காட்டுல மிளாவாப் போட்டு, அவங்க பயத்தை இரவல் வாங்குறோம். ஓய்வுத்துயில்னு சொல்றது அதுதான். முழிக்கிறதுக்கு முன்னாடி நினைவைத் துடைச்சிருவோம். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது."

"அப்ப நானும் செத்திருக்கேன்."

"எல்லாரும்தான். நானும்."

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"சொன்னா அப்புறம் ஒருத்தரும் இங்க வந்து படுக்க மாட்டாங்க, நாச்சியார். கூடம் பாழாயிரும். பழையபடி கரண்டிக்குக் கொலை விழும். யோசிச்சுக்கிடுங்க."

யோசித்தாள். அடுத்து வந்த நாட்களில் வண்டியில் ஆவுடையப்பன் பக்கத்தில் அவள் இல்லை. காளான் அறையின் நீல வெளிச்சத்தில் நின்றுகொண்டு, தான் இதுவரை எய்த மிளாக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்று விழுவதற்கு முன் வாலைச் சுருட்டியது. ஒன்று தன் காயத்தை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தது. அது யாராக இருக்கும்? சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சுடலைமுத்து தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட அந்தத் திரும்பல் அவளுக்குக் காட்டில் பார்த்தது போலத் தெரிந்தது.

பரிவேட்டை நாள் வந்தது. பூமியிலிருந்து கொண்டுவந்த வழக்கங்களில் பொதிகை விடாமல் வைத்திருந்தது அது. சாமி தகரக் குதிரையில் ஏறிப் பெரிய சுரங்கத்துக்கு வரும். பூசாரி சாமியின் கையிலிருந்து ஒரு சின்ன அம்பை வாங்கிப் பனிச்சுவரை நோக்கி எய்வார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. அம்பு சுவரில் பட்டு விழுந்த அமைதியில் நாச்சியார் பூசாரியிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

நீளமாக ஒன்றும் பேசவில்லை. தான் பார்த்ததைச் சொன்னாள், பெனினாள் சொன்னதைச் சொன்னாள். "காட்டுல நாம கொன்னது நம்மளத்தான்," என்று முடித்தாள்.

 கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவளின் கையைப் பற்றிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆவுடையப்பன் முன்னால் வந்து நாச்சியாரின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அன்று ஒருவரும் துயில்கூடத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. சுரங்கங்களில் மக்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கண்ணைத் தாழ்த்தி, மெதுவாக நடந்தார்கள். ஊரே அடி ஆழத்தில், நீருக்குள் நடப்பது போல இருந்தது. கைகலப்பு வரவில்லை. பெனினாள் நினைத்தது பிசகிவிட்டது என்று நாச்சியாருக்குச் சந்தோஷம். சுடலைமுத்து அவளுக்குப் பிடித்த உளுந்தங்களி செய்து கொடுத்தான்.

பிறகு ஒருநாள் பெனினாளே காளான் அறைக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"கூடத்துக்கு ஆள் வர ஆரம்பிச்சிட்டாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"முதல்ல ஒருத்தர் வந்தாரு. போன தடவை தன்னை எய்தது யாருன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். அப்படின்னா இந்தத் தடவை என் மேஸ்திரியை மிளாவாப் போட முடியுமான்னாரு." பெனினாள் ஒரு காளான் பெட்டி மேல் உட்கார்ந்தாள். "மறுநாள் வரிசை சுரங்கத்து வளைவைத் தாண்டி நின்னுச்சு. எல்லாருக்கும் ஒரு பேர் இருக்கு. யார்னு தெரியாத மிளாவை எய்யுறதுல இப்ப யாருக்கும் ருசி இல்லை. ஊர் மன்றத்துல போயி உத்தரவும் வாங்கிட்டாங்க. மாசம் ஒருத்தர். யார் பேரை நிறையப் பேர் சொல்றாங்களோ அவங்க மிளா. ஒரே காடு, எல்லாரும் வேட்டைக்காரங்க. மிளாவுக்கு நினைவைத் துடைக்கக் கூடாது. இல்லேன்னா என்ன பிரயோசனம்னு கேக்கறாங்க."

"முதல்ல யாரு?"

பெனினாள் அவளையே பார்த்தாள்.

"என்னையா? ஏன்?"

"நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தவங்களை எழுப்பினது யாருன்னு ஒருத்தர் ஆரம்பிச்சிருக்காரு. அவ்வளவுதான். நீங்க வரலைன்னா உங்களுக்குப் பதிலா உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுவாங்க. உத்தரவு அப்படி."

சுடலைமுத்துவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. "வேட்டைக்குப் போயிட்டு வாரேன்," என்றாள். அவன் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தான். கதவு வரை வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

காடு மறுபடி வாசனையாக வந்தது. ஆனால் இம்முறை பூவின் மணத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, வெகு தொலைவில் மனித வேர்வை. அவளுக்கு நான்கு கால்கள். அவற்றை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. நிலம் அவளைத் தாங்கித் தூக்கிவிட்டது. மூங்கில்கள் இரண்டு பக்கமும் பச்சை மழையாக வழிந்து ஓடின. பயம் அவள் நினைத்திருந்தது போல இருட்டாக இல்லை. எல்லாவற்றையும் துலக்கமாக்கியது. ஒவ்வொரு இலையின் நரம்பும் தெரிந்தது. இவ்வளவு அழகான இடத்தை அவள் வேட்டைக்காரியாக வந்தபோது பார்க்கவே இல்லை.

ஓடி ஓடிக் கால் சோர்ந்து ஒரு புதருக்குள் படுத்தாள். காட்டின் எல்லாப் பக்கத்திலும் காலடிகள். சில மிக அருகில் வந்து நின்றன.

"இங்கதான் நுழைஞ்சுது," என்றது ஓர் ஆண் குரல். அவள் கேட்டிராத குரல்.

"ஆமா, இது யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"பேரு என்னமோ சொன்னாங்க. மறந்துட்டேன்."

"என்ன செஞ்சாளாம்?"

"ஏதோ பேசினாளாம். நான் அன்னைக்கு அங்க இல்லை. எல்லாரும் கெளம்பினாங்க, நானும் கெளம்பிட்டேன். நீங்க?"

"நானும்தான்."

அந்தக் குரல்களில் கோபத்தைத் தேடி நாச்சியார் காதைக் கூர்மையாக்கினாள். கொஞ்சமும் இல்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்கள் பேசிக்கொள்வது போலத்தான் இருந்தது. அவளுக்கு இருவர் மேலும் இரக்கமாகக்கூட வந்தது.

"அப்ப நீங்க முதல்ல எய்யுங்க," என்றாள் அந்தப் பெண், மரியாதையாக. புதர் மெல்ல விலகியது.