களைப்புச் சீட்டு

கம்பெனி ஆட்களின் வேலை நேரம், விடுப்பு, செலவு மூன்றையும் மென்பொருளில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அன்று ஒரகடத்துப் பக்கம் ஒரு பேட்டரி தொழிற்சாலை. வாசலில் கைப்பட்டையைக் காட்டினேன். அதிலிருக்கிற களைப்பளவி என் நாடியைப் பார்த்துவிட்டு, "பணிக்குத் தகுதி" என்றது. என் முதுகு அப்படிச் சொல்லவில்லை.

விடுப்பு கேட்கிற வழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது பிள்ளை அழக்கூடாது. வயிறு காலியா என்று பால்புட்டியே பார்த்துக்கொள்ளும். பட்டையில் சேரும் களைப்பு சிவப்புக் கோட்டைத் தொட்டால் விடுப்பு தானாகத் திறக்கும். தொடாவிட்டால் கிடையாது. ஆட்டோ செலவும் அப்படித்தான். நடக்கத் தெம்பிருந்தால் பட்டை சல்லிக்காசு தராது. பொய்க் காய்ச்சல் ஒழிந்தது என்று முதலாளிகள் கொண்டாடினார்கள். மற்ற காரணங்களும் சேர்ந்தே ஒழிந்தன.

மனிதவள மேலாளர் சடகோபன் திரையைக் காட்டினார். "இந்த அசெம்பிளி செக்‌ஷனைப் பாருங்க மேடம். மாசம் ஒருத்தர் கோட்டைத் தொடுறாங்க, வரிசை பிசகாம. மத்தவங்க கல்லு மாதிரி இருக்காங்க. பட்டையை மாத்திக் கட்டுறாங்க. சாயங்காலத்துக்குள்ள தோல்பூட்டு போட்டுடுங்க."

தோல்பூட்டு போட்டுவிட்டால், உரியவர் கையில் தவிர வேறு கையில் பட்டை வேலை செய்யாது.

டீ நேரத்தில் அந்தப் பிரிவுக்குப் போய் நேராகவே கேட்டேன். எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஹர்ஷினி அக்காதான் வாயைத் திறந்தாள்.

"குலுக்கல் சீட்டு மாதிரிதான் மேடம். ஒருத்தர் அலுப்பு கோடு வரைக்கும் எட்டாது, படுத்த படுக்கையானாத்தான் எட்டும். அதனால யாருக்குச் சீட்டு விழுதோ அவங்க பட்டையை எல்லாரும் மாத்தி மாத்திக் கட்டிக்குவோம். எல்லார் அலுப்பும் அதுல சேரும். இந்த மாசம் எனக்கு."

"எதுக்குக்கா?"

"பொண்ணுக்குத் தலைப்பிரசவம். தாய் வீடுன்னு செய்யாறுக்கு வந்துட்டா. வீட்ல தாய்தான் இல்ல. காலையிலேயே வலி கண்டுருச்சாம். கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் மேடம் பாக்கி. பூட்டை நாளைக்குப் போடக் கூடாதா?"

நாளைக்கு என்றால் சடகோபன் விடமாட்டார். இன்னும் ஒரு நாள் சேர்த்தால்தான் கோடு தொடும் என்று அவள் பட்டை காட்டியது. எனக்கு என்ன தோன்றியதோ, அதை வாங்கி என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

கட்டிய மாத்திரத்தில் முள் ஏறியது. கோட்டைத் தொட்டது, தாண்டியது, அதற்கு மேலும் போனது. "விடுப்பு வழங்கப்பட்டது, ஹர்ஷினி" என்றது பட்டை.

என் சொந்தப் பட்டை மறு கையில் சும்மா கிடந்தது. மென்பொருள் ஏற்றப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கோட்டை எங்கள் நிறுவனம் எட்டாத உயரத்தில் போட்டு வைத்திருக்கிறது.

ஹர்ஷினி அக்கா துள்ளிக் குதிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் என்பதையும் விட்டுவிட்டாள்.

"என்னம்மா இது, இவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டா நடமாடுற? நீயும் எங்க சீட்டுல சேந்துக்க. அடுத்த மாசமே உனக்கு எடுத்துத் தர்றோம்."

அடுத்த சீட்டு லோகேஷ் என்பவருடையதாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மாதக்கணக்காக மற்றவர்களுக்குத் தன் களைப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவரே, "மேடம் எடுத்துக்கட்டும்க்கா, நான் பொறுத்துக்கிறேன்" என்றார்.

என்னை யாரும் இப்படி எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. வெட்கமில்லாமல் அழுதேன். "சேந்துக்கிறேன்க்கா" என்று சொல்லி அவளைப் பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தேன்.

சாயங்காலம் சடகோபன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "முடிஞ்சுதா மேடம்?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதன் பிறகு விளக்க வேண்டும், வாதாட வேண்டும், வேறு வேலை தேட வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பில்லை.

பூட்டைப் போட்டேன்.