நெருப்பில்லாத வீடு

பழைய ஃப்ரிட்ஜை ஆட்கள் படி வழியாக இறக்கிக்கொண்டு போன அன்று மாலைதான் அந்தச் சத்தம் முதன்முதலாக அவன் காதில் விழுந்தது. டொக். டொக். டொக். யாரோ விரல் கணுவால் மரத்தைத் தட்டுவதுபோல.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக இருட்டுக் குழிக்குள் நின்று, எந்த மாடியில் எந்தச் சக்கரம் முனகுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுகிறவன். சத்தம் மகளின் குளியலறையிலிருந்து வருகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பதினொரு மாதமாக யாரும் நுழையாத குளியலறை அது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிக்கப் போன பெண், சுவரில் மாட்டியிருந்த கேஸ் ஹீட்டர் கக்கிய நச்சுக் காற்றை இழுத்து, கதவுக்குப் பின்னாலேயே சரிந்துவிட்டாள். வாசனை இல்லை, புகை இல்லை. அவன் வேலையில் இருந்தான். மனைவி அடுப்படியில் இருந்தாள். மயக்கத்திலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவன் மனைவியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். "அவ கூப்பிடவே இல்லம்மா. கூப்பிட்டிருந்தா உனக்குக் கேக்காம இருக்குமா?" அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று அவன் நம்பினான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே பிடிவாதம். இனி இந்த வீட்டில் நெருப்பு என்பதே இருக்கக் கூடாது. கேஸ் இணைப்பைத் துண்டித்தான். அடுப்பு போய் இண்டக்‌ஷன் வந்தது. கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றிய மின்விசிறிகளும், குலுங்கிக் குலுங்கி அறையின் பாதி தூரம் நகர்ந்துவிடும் வாஷிங் மெஷினும் போய், கரண்ட்டைக் கொஞ்சமாகக் குடிக்கிற புதுசுகள் வந்தன. வெளிக்காற்றின் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் மொட்டை மாடியில் ஏறியது. கடைசியாகத்தான் ஃப்ரிட்ஜ்.

"எல்லாமே ஓடிட்டுதாண்ணே இருக்கு. ஏதாச்சும் சத்தம் வருதா?" என்று பெருமையாகக் கேட்டார் அதையெல்லாம் மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன். "இனிமே உங்க வீட்ல மனுஷங்க பேசினாத்தான் சத்தம்."

மனுஷங்க பேசுவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாளும் அதே நேரம், ஐந்து நாற்பதுக்கு, டொக் டொக். மனைவி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தான்.

"பைப்புல காத்து அடைச்சிருக்கும்ணே, வேற ஒண்ணும் இல்ல."

தண்ணீரை மூடினார்கள். டொக். மெயின் சுவிட்சையும் இறக்கினார்கள். வீட்டின் ஒவ்வொரு பொருளும் அடங்கிப்போன அந்த வெறுமையில், பக்கத்து மாடியில் யாரோ செருப்பு உதறுவதுகூடக் கேட்டது. டொக். டொக்.

எலக்ட்ரீஷியன் திருப்புளியைப் பைக்குள் போட்டார். "நாளைக்கு வரேண்ணே." வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் தனியாக அந்தக் கதவில் காதை வைத்தான். ஈர மரத்தின் வாசனையும் லேசான சோப்பு வாசனையும் இடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருக்க, முதல் தட்டல் அவன் காதுக்கு நேராக விழுந்தது. அடுத்தது தோள் உயரத்தில். அதற்கடுத்தது இடுப்புக்கு நேரே. அவன் குனிந்தான். முழங்கால் உயரத்தில் ஒன்று. மண்டியிட்டான். தரையோடு தரையாக ஒன்று. மெல்ல. பிறகு இல்லை.

கூப்பிட்டிருக்கிறாள். தட்டியிருக்கிறாள். தட்டிக்கொண்டே சரிந்திருக்கிறாள்.

தினமும் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பழைய மெஷின்களின் இரைச்சல் மூடி வைத்திருந்தது. அவன்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்திருக்கிறான். தரையில் உட்கார்ந்து, கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

இது மட்டும் மனைவி காதில் விழுந்தால் அவ்வளவுதான். மறுநாளே ஒரு ரேடியோ வாங்கி, டைமர் ப்ளக்கில் சொருகினான். தினம் ஐந்து முப்பதுக்கு அது தானாக அலறத் தொடங்கும்; ஆறு மணிக்கு ஓயும்.

"எதுக்குங்க இவ்வளவு சத்தமா?"

"வீடு வெறிச்சுன்னு இருக்குல்ல. இருக்கட்டும்மா."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டினாள்.

ஒரு மாதம் அப்படி ஓடியது. அன்று அவன் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஊர் முழுக்கப் போயிருக்கிறது என்றார்கள். மணி ஐந்து இருபது. வீட்டுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கையைக்கூடத் துடைக்காமல் பைக்கை எடுத்தான். சிக்னல்கள் செத்துப்போய், சந்திப்புகளில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

நாலு மாடியையும் ஓடி ஏறினான். வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை.

வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ரேடியோ ஊமையாக இருந்தது.

மனைவி குளியலறை வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த துண்டு. உள்ளிருந்து ஒரு தட்டல் வந்தது. அவள் வெளியிலிருந்து ஒன்று தட்டினாள். மறுபடி உள்ளிருந்து. மறுபடி அவள்.

"எழுந்திரும்மா. அது பைப்புல காத்து..."

"அன்னைக்கும் கேட்டுச்சுங்க."

அவன் நின்றான்.

"துண்டு கேக்குறான்னு நெனச்சேன். மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. இருடி, வரேன்னு சொன்னேன். சொல்லிட்டு, அரைச்சு முடிச்சேன்." அவள் குரலில் அழுகையே இல்லை. "நீங்க ஒவ்வொரு தடவையும் அவ கூப்பிடலன்னு சொல்லுவீங்க. உங்களுக்காவது நிம்மதியா இருக்கட்டும்னு வாயத் தொறக்கல."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. உடைத்த கதவுக்குப் பதில் புதுக் கதவு போட்டபோது, உள்தாழ்ப்பாளே வேண்டாம் என்று சொன்னவன் அவன். வைக்கவும் இல்லை.

கதவு நாலு விரல் அகலம் திறந்தது. வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடித்தது.

ஒரு கை வெளியே வந்தது. ஈரமாக. வெளுத்துப்போன கை இல்லை. செக்கச்செவேலென்று, இப்போதுதான் சுடுநீரில் குளித்தது போன்ற கை. அது துண்டைத் தொடவில்லை. தடவித் தடவி அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"வந்துட்டேன்டி," என்றாள் அவள்.

அவன் பாய்ந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தான். கிரீஸ் படிந்த இரண்டு கைகளாலும் பிடித்தான். இழுத்தான். யாரும் எதிர்ப்பக்கம் இழுக்கவில்லை. அவள்தான் எழுந்து நின்றாள். திரும்பி, ஒரு வருடமாக அவன் பார்க்காத முகத்தோடு அவனைப் பார்த்தாள். கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. இருட்டுக்குள் கால் வைத்தபடி, பிடிபட்ட மணிக்கட்டோடேயே அந்தக் கையை நீட்டி, கட்டை விரலில் ஆரம்பித்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுக்கத் தொடங்கினாள்.