அறுபத்து மூன்று சரி

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள குறுகலான மாடிப்படியில் ஒரு பெண் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தபோது, தீயணைப்பான் வாங்கத்தான் வருகிறாள் என்று மேலே நின்றிருந்த பிராங்க் நினைத்துவிட்டார். தப்பு அவர்மேல் இல்லை. கீழே அவருடைய தீயணைப்பான் கடை, மேலே நஃபீசாவின் அலுவலகம், இரண்டுக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றுதான்.

நஃபீசா தர ஆடிட்டர். கம்பெனி கம்பெனியாகப் போய், ஏட்டில் எழுதி வைத்திருக்கிறபடிதான் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழில். இருபது வருஷமாக ஃபவுண்டரியிலும் கிரைண்டர் கம்பெனியிலும் "ஆதாரம் எங்கேங்க?" என்று ஒரே கேள்வியை அலுக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததில், ஆடிட்டுக்குச் சம்பந்தமில்லாத சிக்கல்களையும் ஜனங்கள் அவரிடம் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். பிராங்க்கும் கூடவே போவார். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அங்கே தீயணைப்பான் காலாவதியாகியிருக்கும் என்பது அவருடைய வியாபார அனுபவம். துப்பறிய ஏற்ற மூளை தனக்கு உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. அனுபவம் ஒரு தடவையும் பொய்த்ததில்லை. நம்பிக்கை இன்னும் ஒரு தடவையும் பலிக்கவில்லை.

வந்தவள் பெயர் பிரத்யுஷா. மேலாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். சின்னக் கம்பெனிகளில் புதுமை எப்படிப் பிறக்கிறது, கீழே வேலை செய்கிறவருடைய யோசனை மேலே எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அவளுடைய ஆய்வு.

"அஞ்சு வருஷங்க மேடம். பதினோரு கம்பெனி. பத்துல நானே உக்காந்து ஒவ்வொருத்தரா கேட்டு எழுதினேன். கடைசிக் கம்பெனியில அறுபத்துநாலு பேருங்கறதால கேள்வித்தாளைக் குடுத்துட்டு வந்தேன். பெரியநாயக்கன்பாளையத்துல மழைச்சாரல் பம்ப்ஸ். சீல் வெச்ச பெட்டியில போட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. திறந்து பார்த்தா இப்படிங்க."

அவள் கேள்வித்தாள் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் சரி, சரி, தெரியவில்லை, சரியல்ல, முற்றிலும் சரியல்ல. அறுபத்து மூன்று தாள்களில் முப்பது வாக்கியங்களுக்கும் 'சரி' என்ற கட்டத்தில் பச்சை மையில் டிக் விழுந்திருந்தது. ஒரே ஒரு தாள் மட்டும் கலந்து கட்டி, பின்பக்கமும் நிறைய எழுதியிருந்தது.

"எங்க கைடு இதை நானே வீட்டுல உக்காந்து நிரப்பிட்டேங்கறார். நிஜம்னு காட்ட ஒண்ணை மட்டும் மாத்தி வெச்சேனாம். திங்கக்கிழமை கமிட்டிக்கு அனுப்பறேன்னு சொல்லிட்டார். அங்க போனா என் பதிவே ரத்துங்க. அஞ்சு வருஷமும் போச்சு." சொல்லும்போதே குரல் உடைந்தது. பிராங்க்குக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நஃபீசா ஒரு தாளை எடுத்து விரலால் கீழே இறங்கினார். "ஏழாவது வாக்கியம், 'எங்கள் யோசனைகளை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்கிறது.' சரி. இருபத்து மூணாவது, 'எங்கள் யோசனைகளை நிர்வாகம் ஒருபோதும் கேட்பதில்லை.' இதுக்கும் சரியா?"

"படிக்காம டிக் போடறவங்களைக் கண்டுபிடிக்க வேணும்னே தலைகீழா ஒண்ணு வெப்போமுங்க. அறுபத்து மூணு பேரும் ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க."

"எல்லாம் ஒரே பச்சை மை," என்றார் பிராங்க் குரலைத் தாழ்த்தி. "ஒரே ஆள் வேலைங்க மேடம். முதலாளிதான்."

நஃபீசா தாள்களின் ஓரங்களைப் புரட்டினார். ஒன்றில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. ஒன்றில் நீல பெயிண்ட். ஒன்றில் இரும்புத்தூள் மினுங்கியது. தனியாக நின்ற அந்த ஒரு தாளை மட்டும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு வைத்தார். பிறகு ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் இருந்த நேரத்தைப் பார்த்தார். அறுபத்து மூன்றிலும் தொடங்கியது பத்து மணி ஐந்து நிமிடம், முடித்தது பத்து இருபது. தனித்தாளில் பத்து ஐந்துக்குத் தொடங்கி பத்து ஐம்பதுக்கு முடித்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு பண்ணுங்க. கடிகாரத்தைப் பார்த்து இதை ஒருக்கா நிரப்புங்க."

பிராங்க்குக்கு இருபத்தெட்டு நிமிஷம் பிடித்தது. 'நிறுவன ஆளுகையில் பங்கேற்புத்தன்மை நிலவுகிறது' என்ற வாக்கியத்தில் மட்டும் நாலு நிமிஷம் நின்றார். கடைசியில் தெரியவில்லை என்று டிக் போட்டார்.

மறுநாள் காலை மூவரும் பெரியநாயக்கன்பாளையம் போனார்கள். மழைச்சாரல் பம்ப்ஸ் வாசலிலேயே 'புதுமையில் முதலிடம்' என்று ஒரு பேனர் தொங்கியது. ஆய்வு முடிவதற்கு முன்பே முதலிடம் வந்துவிட்டதைப் பிராங்க் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முதலாளி சபரீஷுக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா ராமுலு ஆரம்பித்த கம்பெனியை எட்டு வருஷமாக நடத்துகிறார். வரவேற்பறையில் ஒரு பம்ப்பின் பொத்தானை அழுத்தினார். "வணக்கம்," என்றது பம்ப். பிராங்க் தன்னையறியாமல் கைகூப்பிவிட்டார்.

"பேசற பம்ப்புங்க. என் யோசனைதான். மாசாமாசம் எல்லாரையும் கூட்டி வெச்சுக் கேட்டுத்தானுங்க எதையும் செய்வேன். எட்டு வருஷத்துல ஒரு தீர்மானத்துக்கும் ஒருத்தர்கூட எதிர்ப்பு சொன்னதில்லைங்க."

"விக்குதுங்களா?" என்றார் நஃபீசா.

சபரீஷ் பேனரைப் பார்த்தார். பணியாளர் மேலாளர் ஹர்ஷா முந்திக்கொண்டு, நானூறு பம்ப் குடோனில் நல்லபடியாக இருப்பதாகச் சொன்னான். தொண்டாமுத்தூரில் வாங்கிய ஒரு விவசாயி மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாராம். விடிகாலையில் தோட்டத்துக்குள் யானை நின்றிருக்கிறது. ஆள் அரவமில்லாமல் நழுவலாம் என்று அவர் பார்த்தபோது தானியங்கி பம்ப் ஓட ஆரம்பித்து, யானைக்கு வணக்கம் சொல்லியிருக்கிறது.

கேள்வித்தாளைக் கொடுத்ததும் வாங்கியதும் ஹர்ஷாதான். பேசும் பம்ப்புக்கு விளம்பரமாக அடித்து மிஞ்சிப்போன பேனாக்களையும் அவன்தான் ஆளுக்கொன்று கொடுத்திருந்தான். ஒன்றை வாங்கி பிராங்க் கோடு போட்டுப் பார்த்தார். பச்சை. முதலாளியின் பெயரை அடித்துவிட்டு ஹர்ஷா என்று எழுதினார்.

பட்டறைக்குள் நடுவில் டெஸ்டிங் மேடை இருந்தது. அதன் தலைமை ஆள் அப்துல் குத்தூஸ் பாய். முடித்து வந்த பம்ப்பை மேடையில் ஏற்றி, சுவிட்சில் கை வைத்து, அந்தக் கூடமே அதிரும்படி, "செரிங்களா?" என்றார். லேத்திலிருந்தும் பெயிண்ட் பக்கமிருந்தும் எல்லாரும் கையை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமலே, "செரிங்க," என்றார்கள். பாய் சுவிட்சைப் போட்டார். அடுத்த பம்ப்புக்கும் அப்படித்தான்.

ஓரத்தில் கண்ணாடி அடைத்த ஓர் அறை. தூசி படக்கூடாது என்று மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை மட்டும் உள்ளே நடந்தது. கதவைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. கிருபாவதி என்ற நடுவயதுப் பெண் ஒருத்திதான் இருந்தாள். கதவை மூடியதும் வெளியே பாய் போட்ட சத்தம் அறவே கேட்கவில்லை. அங்கிருந்த தீயணைப்பான் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிராங்க் அதையும் குறித்துக்கொண்டார்.

"மேடம், ஹர்ஷாதானுங்க. பேனா இருக்குது, பெட்டி அவன் கையில இருந்துச்சு," என்று வெளியே வந்ததும் கிசுகிசுத்தார். "இல்லாட்டி அந்த பாய். வருஷக்கணக்கா டெஸ்டிங் ஏட்டுல டிக் போட்டுப் போட்டுக் கை பழகியிருக்கும்."

"டீ நேரத்துல எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லுங்கண்ணா."

பத்து ஐந்துக்கு அறுபத்து நான்கு பேரும் டீ டம்ளரோடு உட்கார்ந்தார்கள். சபரீஷ் கைகட்டி நின்றார். ஹர்ஷா வியர்த்துக்கொண்டிருந்தான். பிரத்யுஷா பெட்டியை மடியில் இறுகப் பிடித்திருந்தாள். நஃபீசா ஆடிட் அறிக்கை வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"முதலாளிக்கு நல்ல பேர் வாங்கித் தர யாரோ நிரப்பினாங்கன்னு வெச்சுக்குவோம். அந்த ஆள் 'முற்றிலும் சரி'யிலதான் போட்டிருப்பாரு. வெறும் 'சரி'யில நிறுத்தமாட்டாரு. 'நிர்வாகம் ஒருபோதும் கேட்பதில்லை'ங்கறதுக்கும் சரின்னு போட்டு முதலாளி மானத்தை வாங்கமாட்டாரு. அதனால சபரீஷ் சாரும் இல்லை, ஹர்ஷாவும் இல்லை."

ஹர்ஷா பக்கத்திலிருந்தவரின் டீயை எடுத்துக் குடித்துவிட்டான்.

"பிரத்யுஷாவும் இல்லை. வீட்டுல உக்காந்து எழுதினா கிரீஸும் பெயிண்டும் இரும்புத்தூளும் எங்கிருந்து வரும்? அறுபத்து மூணு தாளையும் அறுபத்து மூணு கைதான் பிடிச்சிருக்குது. ஆனா எல்லாரும் ஒரே நிமிஷத்துல தொடங்கி ஒரே நிமிஷத்துல முடிச்சிருக்காங்க. முப்பது கேள்வி, பதினஞ்சு நிமிஷம். பிராங்க் அண்ணனுக்கே இருபத்தெட்டு நிமிஷம் ஆச்சு. அப்போ கை அறுபத்து மூணு, வாய் ஒண்ணு. யாரோ கேள்வியைச் சத்தமாப் படிச்சிருக்காங்க. குத்தூஸ் பாய், நீங்கதானுங்களே?"

பாய் எழுந்து நின்றார். "ஆமாங்க அம்மணி. டீ நேரத்துலயே முடிச்சுப்போடணும்னு ஹர்ஷா தம்பி சொல்லுச்சு. தமிழ்லதான் இருந்துச்சுங்க, ஆனா ஒருத்தனுக்கும் புரியலைங்க. சரி, நாம படிச்சுக் காட்டுவோம்னு டெஸ்டிங் மேடையில நின்னு படிச்சேன். ஏதாச்சும் தப்புங்களா?"

"தப்பு உங்களுது இல்லைங்க. இந்தாங்க, இதையும் அதே மாதிரி படிச்சுக் காட்டுங்க." நஃபீசா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

பாய் சீட்டைத் தூரமாகப் பிடித்து, மேடையில் நிற்கிற தோரணையில் படித்தார். "தொண்டாமுத்தூர் யானைங்க எல்லாம் நம்ம கம்பெனியில வேலைக்குச் சேர்ந்திருக்குது. செரிங்களா?"

"செரிங்க," என்றது கேன்டீன் முழுவதும்.

என்ன சொன்னோம் என்று உறைக்க ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. பாயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பட்டறையில செரிங்கன்னா ஒத்துக்கறேன்னு அர்த்தமில்லை கண்ணு," என்று நஃபீசா பிரத்யுஷாவைப் பார்த்துச் சொன்னார். "கேட்டுக்கிட்டேன், கையை எடுத்துட்டேன், நீங்க சுவிட்சைப் போடலாம்னு அர்த்தம். பாய் முப்பது தடவை செரிங்களான்னாரு. இவங்க முப்பது தடவை செரிங்கன்னாங்க. நீயும் கட்டத்துக்குத் தலைப்பு 'சரி'ன்னு வெச்சிருந்தே. வாயில சொன்னதைத் தாள்லயும் போட்டுட்டாங்க. எல்லாத் தாளும் நிஜம்தான். என்ன, அதுல ஒருத்தர் கருத்தும் இல்லை."

பிரத்யுஷா மூச்சை விட்டாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்க்கப் பிராங்க்குக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் சொன்ன மூன்று பேரும் குற்றவாளி இல்லை என்பதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

சபரீஷ் மட்டும் சிரிக்கவில்லை. எதையோ எண்ணிக் கூட்டுகிறவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"பாய், மாசக் கூட்டத்துல பேசற பம்ப் செய்யலாம்னு சொன்னேனே. நீங்க எல்லாரும் செரிங்கன்னுதானே சொன்னீங்க?"

பாய் சங்கடத்தோடு நெளிந்தார். "கேட்டுக்கிட்டமுங்க."

"வருஷம் பூராவும்?"

"எட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறோம்."

சபரீஷ் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குடோனில் நானூறு பம்ப்புகள் ஒரே நேரத்தில் அவருக்கு வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனுஷர். அதனால்தான் அத்தனை வலித்தது. கடைசியில் எழுந்து தொண்டையைச் செருமினார். "இனிமே அப்படி வேண்டாம். மனசுல பட்டதை எல்லாரும் தைரியமா என்கிட்டச் சொல்லணும். செரிங்களா?"

"செரிங்க."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. பிரத்யுஷா நஃபீசாவின் காதருகே, "அந்த ஒரு தாள் யாருதுங்க?" என்று கேட்டாள். நஃபீசா அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும். ஆனா பேர் வெளியே வராதுன்னு நீ வாக்குக் குடுத்து வாங்கியிருக்கே. அதை நான் உடைக்கக்கூடாது."

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "செரியில்லைங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கிருபாவதி எழுந்து நின்றிருந்தாள். கண்ணாடி அறைக்குள் பதினாறு வருஷம் இருந்தவள். வெளியே எழும் அந்தக் கோரஸில் அவள் ஒரு நாளும் சேர்ந்ததில்லை.

"அந்த அறுபத்துநாலாவது என்னுதுங்க. தைரியமெல்லாம் எப்பவும் இருக்குதுங்க. மூணு வாட்டி எழுதி யோசனைப் பெட்டியில போட்டனுங்க. பெட்டியைத் திறக்கத்தானுங்க ஆளில்லை. ஊர்ல மெக்கானிக்கு ஒயரை மாத்திக் குடுத்துப்போடறாங்க, மோட்டார் கருகித் திரும்பி வருதுங்க. மூடிக்கு உள்பக்கம் எந்தக் கலர் எங்க போகோணும்னு தமிழ்ல ஒரு படம் ஒட்டினாப் போதுமுங்க. பம்ப்பு பேசவே வேண்டாமுங்க."

குத்தூஸ் பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

"இந்த வருஷம் எத்தனை கருகி வந்துச்சு பாய்?" என்றார் சபரீஷ்.

"எழுபத்தொண்ணுங்க."

சபரீஷ் வேகமாக வாசலுக்குப் போனார். போன வேகத்தைப் பார்த்து பிராங்க் பயந்துவிட்டார். திரும்பி வந்தவர் கையில் அந்தப் பேனர் இருந்தது. அதை மேஜைமேல் குப்புறப் போட்டு விரித்து, தன் பச்சைப் பேனாவைக் கிருபாவதியிடம் நீட்டினார். "பெருசா வரைஞ்சு காட்டுங்கம்மா. எனக்குப் புரியற மாதிரி."

அவள் வரைந்தாள். அறுபத்து மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். சிவப்பு ஒயர் போகும் இடத்தில் பாயே ஒரு திருத்தம் சொன்னார். "அது செரியில்லைங்க," என்று மறுபடி ஒருத்தர் சொல்ல, பிரத்யுஷா நோட்டை எடுத்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளே போன் செய்தாள். நஃபீசா கையெழுத்திட்ட இரண்டு பக்க அறிக்கையை கைடு நின்றுகொண்டே படித்தாராம், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாராம். கமிட்டி இல்லை. அந்தத் தாள்களை ஒதுக்க வேண்டாம், அதையே தனி அத்தியாயமாக எழுது என்றாராம். மழைச்சாரல் பம்ப்ஸிலிருந்தும் பிராங்க்குக்குப் போன் வந்தது. ஆறு தீயணைப்பான் வேண்டுமாம், முதல் ஒன்று கண்ணாடி அறைக்கு.

"மூணு பேரைச் சந்தேகப்பட்டீங்க, மூணும் தப்பு," என்றார் நஃபீசா டீயை ஆற்றிக்கொண்டே. "இனிமே ஆதாரம் இல்லாம யார் பேரையும் சொல்லக்கூடாது. செரிங்களாண்ணா?"

"செரிங்க," என்றார் பிராங்க்.

நஃபீசா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் செரிங்க?"