கழித்தல் குறி

எண்ணின் நடுவே ஒரு புள்ளி இருந்தது.

குருநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துத் திரையை உற்றுப் பார்த்தான். அரியலூருக்கு வெளியே உள்ள அந்த சிமெண்ட் ஆலையின் சூளை அழுத்தத்தை அளந்து சொல்வது அவன் எழுதிய நிரல். அது கணினியின் அடியாழத்தில், இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடுவது. அங்கே தசம எண்ணை எழுதிக் காட்ட வசதி கிடையாது. விபத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கி முழு எண்களாகவே மாற்றிவிட்டிருந்தான். புள்ளி வைக்கும் வரி ஒன்றுகூட அதில் இல்லை.

திரையில் -0.312806 என்றிருந்தது.

சூளையோ பராமரிப்புக்காக அணைந்து கிடந்தது. விசிறிகள் நின்றிருந்தன. அளக்க அங்கே காற்றோட்டமே இல்லை.

"என்ன சார், திரும்பவும் மக்கர் பண்ணுதா?" என்றார் அங்கமுத்து, சூளையை இயக்குபவர்.

"சென்சார்ல தூசி அடைச்சிருக்கும்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் தூசிதான்." அவர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். "கலியம்மா இன்னிக்கும் கேட்டுல ஒக்காந்திருக்கு சார். எம் புருசன் உங்களக் கேட்டுட்டுத்தான் சூளைக் கதவைத் தொறந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கன்னுது. ஒரு வார்த்தைதானே?"

"விசாரணை முடிஞ்சுபோச்சு அங்கமுத்து."

"ஆமா, உங்களுக்கு முடிஞ்சுபோச்சு." கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

சூளைக்குள் அழுத்தம் சுழியத்துக்குக் கீழே இருந்தால் காற்று உள்ளே இழுபடும். மேலே ஏறினால் நெருப்பு வெளியே பாயும். பழைய நிரல் முழுப் பகுதியைத் தனியாகவும் பின்னத்தைத் தனியாகவும் எழுதியது. -0.3 வந்தால் முழுப் பகுதி வெறும் சுழியம், அதற்கு ஏது கழித்தல் குறி? குறி உதிர்ந்து 0.3 என்றே காட்டும். குருநாதனுக்கு அது தெரியும், திருத்தாமலே விட்டிருந்தான். விபத்தன்று சூளை வாயிலிருந்து கலியம்மாளின் கணவர் கொளஞ்சியப்பன் போனில் கேட்டார்: "சார், மைனஸ் காணோமே, கதவைத் தொறக்கலாமா?"

"அது அப்படித்தான் காட்டும், திறங்க" என்றான் குருநாதன். அன்று உண்மையிலேயே கழித்தல் இல்லை; திறந்த கதவு வழியே பாய்ந்த நெருப்பில் அவர் கருகிச் செத்தார். கேட்காமல் திறந்தார் என்று விசாரணையில் சொன்னவனும் அவனே.

அவன் நிரலை நிறுத்திக் கெர்னலிலிருந்தே கழற்றினான். குளிரூட்டியின் சீரான இரைச்சலுக்கு அடியில், சுண்ணாம்புத் தூசி நெடியோடு கருகிய மயிரின் நெடியும் கலந்து, ஜன்னலற்ற அந்த அறையின் மூலைகளிலிருந்து மெதுவாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாதது போல வந்து அவன் மூக்கில் படிந்தது. எண்கள் நிற்கவில்லை. கழித்தலில் இறங்கி, சுழியத்தைத் தாண்டி ஏறி, மறுபடியும் இறங்கின. இழுப்பு. விடுப்பு. இழுப்பு.

மூச்சு.

அவன் மூச்சு.

அடக்கிப் பார்த்தான். எண் அப்படியே நின்றது. விட்டான். எண் ஏறியது. ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். நாக்கு வறண்டது. பல் சுட்டது. நெஞ்சுக்குள் எதுவோ கனன்றது. யாரோ உள்ளே உட்கார்ந்து, பொறுமையாக, கரி அள்ளிப் போடுவது போல.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஓடிப்போய்க் கலியம்மாளிடம் சொல்லிவிட்டால் போதும்.

கதவு திறந்தது. அங்கமுத்து. அவர் பின்னால் கலியம்மாள், வெறுங்காலுடன்.

"செக்யூரிட்டிக்கிட்ட கெஞ்சிக் கூட்டியாந்துட்டேன் சார். வாயத் தொறந்து நேர்லயே சொல்லிடுங்க."

குருநாதன் தலையை வேகமாக ஆட்டினான். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான். திரையில் எண் நின்றது.

"விசாரணையிலயும் நெசத்தைச் சொல்லாம இப்படித்தானே இருந்தீங்க" என்றாள் அவள்.

நுரையீரல் வெடிக்கப் பார்த்தது. கேட்டார், என்னிடம் கேட்டார். அந்தச் சொல் தொண்டையில் இருந்தது. வாய் திறந்தது.

சொல் வரவில்லை.

அங்கமுத்துவின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினார். கலியம்மாள் நகரவில்லை. அவன் வாயிலிருந்து அவள் முகத்தில் செக்கச்சிவந்த வெளிச்சம் விழுந்தது. புருவ மயிர் ஒவ்வொன்றாகச் சுருண்டது. அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவனுடைய வாய்க்குள் பார்த்தாள். வெகுநாள் கழித்து வீடு திரும்பிய கணவனைப் பார்ப்பது போல, சிரித்தாள்.