ஒப்பந்தம் முடிகிறது, அனஸ்ரேசியா!

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி.

போன் அலறியது!

அனஸ்ரேசியா அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு வருடங்களாக எந்தப் போனையும் அவள் இரண்டாம் முறை அடிக்க விட்டதில்லை.

"ஹலோ... மார்க்கஸ்?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு...

"நான் கிளெமென்ற், தங்கச்சி."

வீட்டுக்காரர்.

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"கொன்ராக்ட் இந்த மாசத்தோடை முடியுது. நீட்ட மாட்டன். வீட்டை விக்கப்போறன்."

"அண்ணை! ஒரு வருசம்... ஒரே ஒரு வருசம் நீட்டித் தாங்கோ. வாடகையைக் கூட்டுங்கோ."

"வாடகைப் பிரச்சினை இல்லை."

"பிறகென்ன? மார்க்கசிட்டை இந்த வீட்டுத் திறப்புத்தான் கிடக்கு. அவன் வந்து கதவைத் திறக்கேக்கை உள்ளுக்கை வேறை ஆரும் நிண்டால்?"



"நாலு மணிக்கு வாறன். நேரிலை கதைப்பம்."

துண்டித்துவிட்டார்.

நோர்வேயின் புருசெத்தில் ஓர் அடுக்குமாடி. அதன் தரைத்தளத்தில் இந்த வீடு. பின்பக்கம் ஒரு சிறிய வெரண்டா.

கிளெமென்ற் அந்நியர் அல்ல. அவளுடைய கணவரும் அவரும் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்டில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். கணவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர். பிறகு, தானாகவே வந்து இந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் மாதம், அனஸ்ரேசியாவும் மகளும் லூர்து மாதா யாத்திரைக்குப் போனார்கள். மகன் மார்க்கஸ் போகவில்லை. வயது இருபத்திரண்டு. வெரண்டாவுக்குக் கல் பதிக்கும் கிளெமென்ற்றுக்குக் கைகொடுக்க நின்றுவிட்டான்.

அவர்கள் திரும்பி வந்தபோது கற்கள் அழகாகப் பதிந்திருந்தன.

மார்க்கஸ் இல்லை!

"சுவீடனுக்குப் போறனெண்டு பையோடை வெளிக்கிட்டவன்" என்றார் கிளெமென்ற்.

பொலிஸ் தேடியது. வயது வந்தவன், தானாகப் போயிருப்பான் என்றது. நிறுத்திவிட்டது.

அனஸ்ரேசியா நிறுத்தவில்லை.

தினமும் இருட்டும் நேரம் வெரண்டாக் கல்லில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்தாள்.

"அம்மா, இது கல்லறையிலை வைக்கிற மெழுகுதிரி" என்று மகள் யூலியா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "ஆர்லி தால்த்... உண்மையாச் சொல்லுறன், பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"மூடி கிடக்கு. காத்துக்கு நூராது. அவன் வரேக்கை வெளிச்சம் வேணும்."



இன்றும் மெழுகுதிரி எரிந்தது.

"இப்ப ஏன் விக்கிறார்?" யூலியா பொருமினாள். "வசந்தத்திலை கட்டிடத்தைச் சுத்திக் கிண்டப்போகினமாம். மேல்வீட்டுக்காரர் சொன்னவை. அத்திவாரத்திலை ஊறுற தண்ணிக்கு வடிகால் போடினமாம். அதுக்குப் பிறகு வித்தால் நல்ல விலை வரும். அந்த மனிசனுக்கு மூளை பழுதோ?"

"சுவர் ஈரமெண்டு மார்க்கஸ் எப்பவோ சொன்னவன்."

"சொன்னவனோ? கத்தினவன்! பூஞ்சணம், அம்மாவுக்கு இழுப்பு, கட்டிட நிர்வாகத்திட்டைச் சொல்லுவன் எண்டு."

நான்கு மணி. வெளியே இருட்டு.

கிளெமென்ற் வந்தபோது தாயும் மகளும் செபமாலையின் கடைசி மணிகளில் இருந்தார்கள். செபம் நடக்கும் வீட்டுக்குள் வருபவர் என்ன செய்வாரோ, அவரும் அதையே செய்தார். சப்பாத்தைக் கழற்றினார். பேசாமல் முழந்தாளிட்டார். கண்களை மூடினார்.

மாதாவின் சுரூபத்துக்குக் கீழே மார்க்கசின் படம்.

செபமாலை முடிந்தது. மன்றாட்டுகள் தொடங்கின. முதலில் உயிரோடிருப்பவர்களுக்கு. பிறகுதான் இறந்தவர்களுக்கு. அதுதான் முறை.

"என்ரை மகன் மார்க்கசுக்காக..." என்று அனஸ்ரேசியா தொடங்கினாள்.

இருமல் வந்தது. நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில், மூடிய கண்களோடு, கிளெமென்ற்றின் வாய் தானாகவே பதில் சொன்னது.

இறந்தவர்களுக்குக் கேட்கும் நித்திய இளைப்பாற்றியை அவனுக்குக் கேட்டது!

தடுமாறவில்லை. தேடவில்லை. தினமும் சொல்லிப் பழகிய வாய்.

அனஸ்ரேசியாவின் விரல்களில் செபமாலை நின்றது.

யூலியா தலை நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். தாய் கணவருக்காக மன்றாடினாள். சிலுவை அடையாளம் இட்டாள். எழுந்தாள்.

"இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடியுங்கோ."

கிளெமென்ற் கோப்பையை வாங்கினார்.

"மனசு கல்லெண்டு நினைக்காதேங்கோ தங்கச்சி. ஆனா மாசக் கடைசியிலை வீடு வேணும்."

"சரி அண்ணை. போறன்."

"அம்மா!" யூலியா அதிர்ந்தாள்.

கிளெமென்ற் நெடுநேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

"நல்லது. பின்பக்கத்தைத் துப்புரவாக்க வேண்டாம். அதை நான் பாப்பன்."

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்த வெரண்டாக் கல்லுகளைத் தாங்கோ."

கோப்பை பாதி வழியில் நின்றது.

"கல்லோ? கல்லு என்னத்துக்கு?"

"என்ரை பிள்ளை கடைசியா வேலை செய்த கல்லு. வெஸ்ட்லிப் பக்கம் வீடு எடுத்தால் அங்கை பதிப்பன். நாளைக்கே ஆளைப் பிடிச்சுக் கிளப்பிறன்."

"வேண்டாம்!"

தேநீர் அவர் மடியில் கொட்டியது. அவருக்குச் சுடவில்லை போலிருந்தது.

"ஏன் அண்ணை?"

"நீங்கள்... நீங்கள் இருங்கோ. ஒரு வருசம் இருங்கோ."

"இப்பதானே போகச் சொன்னியள்?"

"மூண்டு வருசம்! இப்பவே கையெழுத்து வைக்கிறன். அஞ்சு வருசம் வேணுமோ? எழுதித் தாறன்!"

"நான் கெஞ்சேக்கை ஒரு வருசத்துக்கு வழியில்லை. கல்லெண்டவுடனை அஞ்சு வருசமோ?"

கிளெமென்ற் வெறுங் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை... உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் நித்திய இளைப்பாற்றி கேக்கிறேல்லை."

"நான்... வாய் தவறி..."

"தவறேல்லை அண்ணை. பழகியிருக்கு."

கிளெமென்ற் மார்க்கசின் படத்தைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்தார். அவருடைய தோள்கள் சரிந்தன.

"கொல்ல நினைக்கேல்லைத் தங்கச்சி! சுவர் ஈரத்தைப் பற்றி நிர்வாகத்திட்டைச் சொல்லப்போறனெண்டான். சொன்னால் வீட்டின்ரை விலை விழுந்திடும். சொல்லாதையடா எண்டு பிடிச்சுத் தள்ளினன். விழுந்தான்... தலை கல்லு விளிம்பிலை பட்டுது..."

"அம்புலன்சைக் கூப்பிடேல்லையோ?"

"பயந்திட்டன்."

"என்ரை பிள்ளைக்குப் பயமாயிருந்திருக்காதோ அண்ணை?"

யூலியாவின் கைபேசி ஏற்கெனவே அவள் காதில் இருந்தது. நோர்வேஜிய மொழியில் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை. கன்னங்கள் மட்டும் நனைந்திருந்தன.

பொலிஸ் வந்தது. வெரண்டாவில் வெள்ளை விளக்குகள் எரிந்தன. கிளெமென்ற் இடத்தைக் காட்டினார்.

மெழுகுதிரி வைக்கும் கல்!

அதிகாரி எமிலியா குனிந்து மெழுகுதிரியைக் கையில் எடுத்தாள்.

"நூக்க வேண்டாமெண்டு சொல்லு" என்றாள் அனஸ்ரேசியா.

யூலியா மொழிபெயர்த்தாள். எமிலியா அதை எரிந்தபடியே ஒரு பக்கத்தில் வைத்தாள்.

கல் கிளம்பியது. மண். மண்ணுக்குக் கீழே நீலப் பிளாஸ்டிக். முதலில் ஒரு பை வந்தது.

பிறகு, ஒரு வளையத்தில் திறப்பு.

அனஸ்ரேசியா அதைப் பார்த்தாள். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

"அம்மா, நாங்கள் இண்டைக்கு இஞ்சை நிக்கேலாதாம்" என்றாள் யூலியா. "வீட்டைப் பூட்டப்போகினம். வெளிக்கிடட்டாம்."

"அவன் எங்கையும் போகேல்லை, யூலியா."

"ஓம் அம்மா."

"வீட்டிலைதான் இருந்தவன்."

யூலியா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளெமென்ற்றை வாசல் வழியாகக் கூட்டி வந்தார்கள். கையில் விலங்கு. அவளைக் கண்டதும் நின்றார்.

"தங்கச்சி... வசந்தத்திலை கிண்டமுதல் அவனை எடுக்கத்தான் வீட்டைக் கேட்டனான். இனி நான் வீட்டை விக்கேல்லை. நீங்கள் விரும்பின காலம் வரைக்கும் இருங்கோ. கொன்ராக்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அனஸ்ரேசியா செபமாலையைக் கைக்குள் சுருட்டினாள்.

"இனி ஜெயிலிலை உங்கடை கொன்ராக்டைத்தான் நீளமா எழுதுவினம் அண்ணை. எனக்கு என்னத்துக்கு வீடு? இனி ஆர் வரக் கிடக்கு?"