கடல் வரல்ல, மூச்சு விடுங்க

“கடல் வருது! ஓடுங்க!”

சுனாமி வந்துபோய் மூன்றாவது வருடம். இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் யாரோ கத்த, தெருவே மேற்குப் பக்கம் ஓடியது. வாப்பா நெய்த சாரன்களைக் கட்டாகச் சுமந்து ஓடிய ஸப்னா, மதகடியில் ஒருவன் குந்தியிருப்பதைக் கண்டு நின்றாள். ஐயோ, இவன் ஏன் ஓடவில்லை?

“எழும்புங்க!”

“ஏலா... முட்டு வருத்தம்... நீங்க போங்க!”

நெஞ்சு விசிலடித்தது. ஆனால் அந்தக் கண்கள்... போகச் சொல்லிவிட்டு, போய்விடுவாளோ என்று பயந்த கண்கள். சாய்ந்துகொள்ளட்டும் என்று சாரன் கட்டை முதுகுக்கு வைத்தாள். புதுத்துணியின் பஞ்சுத் தூசியில் இழுப்பு இன்னும் கூடியது. சட்டென்று அதை வீசிவிட்டு, அவன் பையைக் கொட்டி, மூச்சு பம்பைத் தேடி வாயில் வைத்தாள்.

கடல் வரவில்லை. தூறல்தான் வந்தது.

“பேர் இன்ஷாப். பேராதனை கம்பஸ்ல ஆராய்ச்சி. மூச்சுக்குழாய்ப் புரதங்களைப் பத்தி.”

“உங்கட வருத்தத்தையே படிக்கிறீங்களா? நல்ல கூத்து!”

“ஓம். மூச்சுக்குழாய்க் கலத்துல ஒரு புரதம் இரிக்கி. கொஞ்சம் தூசி போனாலும் ‘கடல் வருது’ எண்டு கத்தும். நெஞ்சுக்குள்ள எல்லாம் பதறி வீங்கும். ‘ஒண்டுமில்ல, நில்லுங்க’ எண்டு அடக்குற புரதமும் இரிக்கி... எனக்கு அது சரியான சோம்பேறி.”

சிரித்தாள். அன்றே மனசு போய்விட்டது, வேறென்ன! வீட்டு நடுவில் நாலு தறி ஓடுகிறது என்று அவள் சொன்னதும்தான் அவன் முகம் வாடியது.

வாப்பா ஷரிபுதீன் சம்பந்தம் பேசப் போனார். இன்ஷாப் வேண்டாம் என்றுவிட்டான். காரணம் சொல்லவில்லை.

“நெசவுக்காரன்ட ஊட்டுல வந்து இரிக்க வெக்கமாக்கும்.” வாப்பாவின் குரல் உடைந்தது. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும்! ஸப்னாவுக்குக் காரணம் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லாத அவன் திமிரைத்தான் பொறுக்க முடியவில்லை.

கண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் முன்னால் போய் நின்று, அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று கேட்டாள்.

“நாங்க நெய்றவங்க எண்டா வேணாமா?”

“அல்லாஹ்வே, அப்படியில்ல!” அவன் பதறினான். “நாலு தறி... பஞ்சுத் தூசி... கலியாணத்தண்டே மாப்பிள்ளை இழுத்துக்கிட்டுக் கிடந்தா? எனக்காகத் தறியை நிப்பாட்டுங்க எண்டு எந்த வாயால கேக்குற?”

“கேட்டாத்தானே தெரியும்! மூணு நாளா நானும் வாப்பாவும் தறியெல்லாத்தையும் வளவுக் கடைசிக் கொட்டிலுக்கு மாத்தினம். தோளே கழண்டு போச்சு.”

அவன் மெல்லக் கேட்டான்.

“அண்டைக்கு எல்லாரும் ஓடினாங்க... நீங்க ஏன் ஓடல்ல?”

அவள் கண் நிறைந்தது.

“சுனாமியண்டு உம்மாட கையை விட்டுட்டு ஓடினன். உங்களையும் விட்டுட்டு ஓட மனசு வரல்ல.”

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

“எனக்கு நீங்க வேணும், ஸப்னா. அண்டையிலிருந்தே வேணும். வாப்பாட்ட நானே வந்து கேக்குறன்.”

“பம்ப் இரிக்கா?” கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இரிக்கி.”

“அப்ப வாங்க... ஊட்ட போவம்.”